தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவே

மாஸ்க்குக்குள் நம் மூச்சே நமக்குச் சூடாக அடிக்கும். காலையில் சாப்பிட்ட கேன்டீன் பொங்கலின் மிளகு வாசனை மதியம் வரைக்கும் போகாது...

ஒரகடத்தில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனி. எல்லாருக்கும் ஒரே வெள்ளை கோட், தொப்பி, மாஸ்க். கண் மட்டும்தான் வெளியே தெரியும். அந்தக் கூட்டத்தில் மாரியை நான் ஒரே பார்வையில் பிடித்துவிடுவேன். சங்கரன்கோவிலிலிருந்து ஒன்றாக பஸ் ஏறி வந்தவர்கள். பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலில் ஒரே ரூம், கம்பெனியில் ஒரே லைன். என்னைத் தவிர வேறு யாரால் அவளைக் கண்டுபிடிக்க முடியும் என்று எனக்கு ஒரு கர்வம்.

திடீரென்று சூப்பர்வைசர் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்.

நடுவில் கண்ணாடிச் சுவர். கை பாட்டுக்கு ஸ்க்ரூ போடும், மனசு முழுக்க அங்கேதான். மாரி பக்கத்தில் நிற்பது யார்? எதற்கு இவள் இவ்வளவு தலையாட்டுகிறாள்?

அது பக்கத்து ஊர் மண்ணூர்ப் பெண், பெயர் ரேவதி. ரூமுக்கு வந்தால் மாரி வாயிலிருந்து முதலில் வருவதே "ரேவதி சொன்னா"தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

ஒரு நாள் டீ பிரேக். மாஸ்க்கோடு எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தோம். ஓடிப்போய் மாரியின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏட்டி, அந்த மண்ணூர்க்காரிகிட்ட ஒனக்கு அப்படி என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு?"

திரும்பிப் பார்த்த கண் மாரியுடையது இல்லை.

"நான்தாம்மா அந்த மண்ணூர்க்காரி." மாஸ்க்கை இறக்கிச் சிரித்தாள். "இன்னா, உன் மாரியத் தேடிகினு வந்தியா? அதோ கீறா பாரு."

சரியாகத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கை காட்டினாள். அத்தனை வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவில், அது மாரியேதான்.

அவளுக்கும் மாரியைக் கண்டுபிடிக்கத் தெரிகிறது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் பையை வைத்து மாரிக்கு ஜன்னல் சீட் பிடித்திருந்தேன். வருவாளா, இல்லை ரேவதியோடு போய்விடுவாளா... வந்தாள். என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். ஹாஸ்டல் வரும்வரை நான் அசையவே இல்லை.

இப்போது மாரி குன்றத்தூரில், புருஷன் குழந்தையோடு இருக்கிறாள். நான் இன்னும் அதே கம்பெனி. அன்றைக்குக் கண் மட்டும் தெரிந்தது... இன்றைக்கு ஸ்டேட்டஸில் முகம் முழுக்கத் தெரிகிறது, எல்லாருக்கும்.

நேற்று ஒரு போட்டோ. மலைக்கோயில் படியில் தனியாக நின்று அப்படி ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். மனசுக்குப் பிடித்தவர்கள் எதிரில் நின்றால்தான் அவளுக்கு அது வரும்.

"நல்லாருக்கட்டி" என்று அனுப்பினேன்.

போட்டோ எடுத்தது யார் என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை.