சங்கத்துக் கேள்விகளும் என் அக்காவும்

அந்த வருஷம் எங்கள் சீர்திருத்தச் சங்கத்துக்கு ஊர் மனசைத் தெரிந்துகொள்ளும் ஆசை வந்தது. கள்ளுக்கடை வேண்டுமா, பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா, எல்லாச் சாதியும் ஒரே பந்தியில் உட்காரலாமா என்று பத்துக் கேள்விகள் எழுதி, பினாங்குத் தமிழர்களை நேரில் கேட்டு எங்கள் பத்திரிகையில் போடுவதென்று தீர்மானம். ஏழாவது கேள்வி நான் எழுதியது: கணவனை இழந்த பெண் மறுபடி மணம் செய்துகொள்ளலாமா?

எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கப்பல் கம்பெனியில் கணக்கு எழுதும் கிராணி வேலை. மேடை ஏறினால் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசுவேன். டத்தோ கிராமாட் பகுதி வீட்டில் என்னோடு இருந்து எனக்குச் சமைத்துப் போட்ட என் அக்கா, கணவனை இழந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு முப்பது வயது. அந்தக் கேள்வியை அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கேள்வி கேட்பதில் துறைமுகத்து ஆட்கள் என் பங்குக்கு வந்தார்கள். மூட்டை தூக்குகிறவர்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவரை ஒரு நாள் வேலை முடிந்ததும் காப்பிக் கடையில் பிடித்தேன். நாற்பது வயது, மனைவி இறந்து ஐந்து வருஷம், பிள்ளை கிடையாது. சங்கத்தில் விதி ஒன்று இருந்தது: கேட்கிறவன் தன் கருத்தைச் சொல்லக் கூடாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத எனக்காகவே போட்ட விதி அது.

“கள்ளு குடிப்பீங்களா, அண்ணே?”

“சனிக்கிழமை மட்டும். எழுதிக்குங்க தம்பி, பயமில்லலா.”

“எல்லாரோடயும் ஒரே பந்தியில உட்காருவீங்களா?”

“வேலை செய்யறப்ப ஒரே குவளையிலதான் தண்ணி குடிக்கிறோம். சோறு மட்டும் என்ன தனி?”

மனிதரை எனக்குப் பிடித்துப்போயிற்று. நாளைக்கே சங்கத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஏழாவதைக் கேட்டேன்.

“தாராளமா கட்டிக்கலாம்,” என்றவர், நான் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தார். “எழுதியாச்சா?”

“ஆச்சு.”

“அப்ப நான் ஒண்ணு கேட்கிறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அக்காவை எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா? பசார்ல மூணு மாசமா பார்க்கிறேன். ஒரு வார்த்தை பேசினதில்லை. முறையா உங்களைத்தானே கேட்கணும்?”

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. “கேட்கிறவன் கருத்துச் சொல்லக் கூடாதுன்னு சங்கத்துல விதி, அண்ணே,” என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

“நீங்க சொல்ல வேணாம் தம்பி. அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க,” என்றார் அவர்.

வழியெல்லாம் பொருமிக்கொண்டே நடந்தேன். குடிக்கிற ஆள் என்றேன். மூட்டைக்காரன், நாமோ கிராணி குடும்பம் என்றேன். வேறு சாதி என்றேன். மேடையில் நான் கிழித்துப் போட்ட காரணங்களெல்லாம் என் வாயிலிருந்தே ஒவ்வொன்றாக வந்தன. நிஜக் காரணம் இதில் எதுவுமில்லை. அக்கா போய்விட்டால் வீடு வெறிச்சோடிவிடும், எனக்கு ரசம் வைக்க யார் இருக்கிறார்கள் என்ற பயம்தான்.

சொல்லாமல் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பாடு போடும்போது அக்கா வழக்கம்போல், இன்றைக்கு யாரைக் கேட்டாய், என்ன சொன்னார் என்று விசாரித்தாள். மண்டோரின் பதில்களைப் படித்துக் காட்டினேன். ஆறிலிருந்து எட்டுக்குத் தாவினேன். ஒரு வாரமாக நான் வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்த கேள்விகள் அவை. அவளுக்கு மனப்பாடம்.

“ஏழு எங்கேடா?”

ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். அவள் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மூணு மாசமா பார்க்கிறாராம்,” என்று எரிச்சலோடு முடித்தேன்.

“நாலு மாசம்,” என்றாள் அக்கா.

அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை மூன்று வருஷமாக நான் பார்த்ததில்லை. எனக்குச் சந்தோஷமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“ஊரையெல்லாம் கேட்டே. என்னையும் கேளேன்,” என்றாள்.

தாளை ஓரமாக வைத்தேன். “கட்டிக்கிறியாக்கா?”

“ம்,” என்றாள். இன்னொரு கரண்டி குழம்பை என் சோற்றில் ஊற்றினாள். “சாப்பிட்டதும் போய்ச் சொல்லிட்டு வா. மெதுவா சாப்பிட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காதே.”