தோல் சீவும் பாஞ்சாலை

விரலைச் சொம்புத் தண்ணீரில் முக்கி, மூங்கில் பிளாச்சின் மேல் ஒரு சொட்டு விடுகிறாள் பாஞ்சாலை. சொட்டு உருண்டு நின்றால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி கத்தியால் சுரண்டுகிறாள். பரவி உள்ளே இறங்கினால்தான், "ம், இது குடிக்குது" என்று வலப்பக்கம் அடுக்குகிறாள். காலையிலிருந்து இருநூறு சொட்டாவது ஆகியிருக்கும்.

வேங்கிக்கால் ரோட்டில் இருக்கும் அந்தப் பட்டறையில் மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைப் பசை போட்டு இறுக்கிப் பலகையாக்குகிறார்கள். சீவிய பிளாச்சைக் கை கழுவாமல் யாரும் தொடக்கூடாது. கோயில் தீபத்துக்கு நெய் செலுத்திவிட்டு வந்த முதலாளி ராஜமாணிக்கத்தையே வாசலில் மறித்தவள் அவள்.

"சாமி நெய்யினு பசைக்குத் தெரியாதுங்க மொதலாளி. சீக்காய் போட்டுக் கழுவிட்டு வாங்க."

ராஜமாணிக்கம் சாமானியப்பட்டவர் இல்லை. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கீழ்பென்னாத்தூர் சந்தையில் கூடை விற்று, ஒருத்தர் தயவும் இல்லாமல் இந்தப் பட்டறையைப் போட்டவர். படித்தவர்கள் பத்துப் பேர் கூடினாலும் மூங்கிலைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர முடியாது.

அப்பேர்ப்பட்டவர் எண்பத்திரண்டாம் வருஷம் மூங்கிலிலேயே சறுக்கினார். கூடைக்கு மேல்தோல்தான் பலம், அழகு. பலகைக்கும் அப்படித்தான் என்று நினைத்து, மினுமினுப்புக் கலையாமல் ஒட்டச் சொன்னார். வேலூருக்குப் போன ஆறு பலகையும் முதல் மழைக்கே பிரிந்துகொண்டன.

வேலூர்க் கடைக்காரர் வேணு அவற்றை வண்டியில் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார். "இது பலகையா, தொடப்பமா ராஜமாணிக்கம்? கடைசியா ஒண்ணு செஞ்சு குடு. ஒரு ராத்திரி தண்ணியில போட்டு வெப்பேன். பிரிஞ்சா அத்தோட நம்ம வியாபாரம் முடிஞ்சுது."

வேணுவை விட்டால் வாங்க ஆள் கிடையாது. பட்டறைக்குப் பூட்டுப் போட வேண்டியதுதான்.

பிளக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்த பாஞ்சாலை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "தோலு மேல பசை புடிக்காதுங்க. மழையில அடுக்கு நனைஞ்சப்போ பாத்தேன். வெளிப்பக்கம் தண்ணி உருண்டு ஓடுது, உங்க வழுக்கை மேல ஓடுற மாதிரி. சீவின எடம் மட்டும் குடிக்குது."

பட்டறையே சிரித்தது. ராஜமாணிக்கம் தலையைத் தடவிக்கொண்டார். "இருவது வருசமா மூங்கில் பொளக்கிறேன். எனக்கே பாடமா?"

"பாடம் இல்லீங்க. இந்த ஒரு பலகைக்கு மட்டும் உட்டுப் பாருங்க."

விட்டார். பச்சைத் தோல், உள்பக்கத்துச் சவ்வு, கணுவின் மேடு, எல்லாவற்றையும் சீவினாள். ஜாஸ்தி சீவினால் பிளாச்சு மெலிந்துவிடும், கம்மியானால் பசை ஏமாற்றிவிடும் என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி தூசி படிவதற்குள் அன்றைக்கே பசை போடவைத்தாள்.

அது காய்ந்ததும் வேணு வந்தார். பலகை ஒரு ராத்திரி தொட்டியில் கிடந்தது. காலையில் அதை இரண்டு கல்லின் மேல் வைத்து ஏறி நின்றார், குதித்தார். இணைப்பில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் இறங்கவில்லை.

"முப்பது பலகை அனுப்பு" என்றார்.

டீ வந்தது. முதல் கிளாஸுக்கு வேணு கையை நீட்டினார். ராஜமாணிக்கம் அதை எடுத்துக்கொண்டு அந்தக் கையைத் தாண்டிப் போய்ப் பாஞ்சாலையின் முன்னால் நின்றார். அவள் மடியில் ஒரு பிளாச்சு பாதி சீவியபடி இருந்தது. அவள் அதைச் சீவி முடிக்கும்வரை, சுடுகிற கிளாஸைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார்.