இறங்கப் பத்து நிமிடம்

கட்டட வேலையில் எல்லோரும் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகக் கிரேனின் உச்சியிலிருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்து இரும்பு தூக்கிய மனிதர். மலக்குடலில் புற்றுநோய் என்றார்கள். வயிற்றில் நான்கு சின்னத் துளை போட்டுக் கட்டியை எடுத்தார்கள். சில மாதம் மலம் வெளியேற வயிற்றில் பை தொங்கியது. அப்புறம் அதையும் எடுத்துக் குடலைச் சேர்த்தாயிற்று. நோய் போய்விட்டது.

திரும்பி வந்த அன்று மேஸ்திரியிடம் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"அடப்பாவி, இதுக்கா ஒம்பது மாசம் லீவு? கொசு கடிச்ச மாதிரியில்ல இருக்கு!"

மேஸ்திரி சிரித்தார், இவரும் கூடச் சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்! உள்ளே நடப்பதைத் தழும்பா சொல்லும்? ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை கழிவறை. வந்தால் வந்ததுதான், இரண்டு நிமிடம் தாங்காது. கிரேனிலிருந்து ஏணி வழியே இறங்கவோ பத்து நிமிடம். சொன்னால் சாமான் கிடங்கில் உட்கார வைத்துவிடுவார்கள். கிரேன் இல்லாத கழுகை எவன் மதிப்பான்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே பட்டினி கிடந்து மேலே ஏறினார்.

மூன்றாம் நாள் காலை மனைவி வாசலை மறித்துக்கொண்டாள்.

"வெறும் வயித்தோட அவ்வளவு உசரம் ஏறுவீங்களா? தலை சுத்தி விழுந்தா நான் என்ன பண்ணுவேன்? இந்தப் பழத்தையாவது தின்னுட்டுப் போங்க."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து ஒரு வாழைப்பழம் தின்றார். தின்றது தப்பு என்று பதினொரு மணிக்குத் தெரிந்தது.

அப்போது கொக்கியில் இரண்டு டன் கம்பிக்கட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஏழாவது தளத்தில் அதைப் பிடித்துத் திருப்பி வைக்க இரண்டு பேர் கை நீட்டி நின்றார்கள். அடிவயிறு முறுக்கியது. வியர்வை கண்ணில் வழிந்தது.

"மெதுவா... இன்னும் ஒரு முழம்..." என்றார் மேஸ்திரி வாக்கிடாக்கியில்.

படக்கென்று போட்டுவிட்டால் அந்த இருவரின் கை போய்விடும். பல்லைக் கடித்தார். உடம்பை இறுக்கினால் கை நடுங்கியது. கடைசியில் கை முக்கியம் என்று உடம்பை இறுக்குவதை விட்டுவிட்டார். கம்பிக்கட்டு சத்தமில்லாமல் தளத்தில் உட்கார்ந்தது. இருக்கையிலேயே எல்லாம் ஆகிவிட்டது. அவமானத்தில் அவருக்கு அழுகை வந்தது.

"கழுகுன்னா கழுகுதான்யா! பூ மாதிரி வச்சுட்டே. அடுத்த கட்டடத்துக்கும் நீதான்!" என்றார் மேஸ்திரி வாக்கிடாக்கியில்.

மாற்றுக் கால்சட்டை அவர் மேலே கொண்டுவந்த தோள்பையிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கீழே அடுத்த கட்டு தயாராக இருந்தது. அதைச் சுற்றி நாலைந்து தலைகள். அவர் வாக்கிடாக்கியை அமுக்கினார். அங்கிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும் என்று தெரிந்தேதான் அமுக்கினார்.

"மேஸ்திரி, நான் உக்காந்த எடத்துலயே போயிட்டேன். ஆபரேஷனுக்கு அப்புறம் என்னால அடக்க முடியல, உங்ககிட்ட மறைச்சுட்டேன். இந்தத் தடவை கை நடுங்காம நின்னுச்சு. அடுத்த தடவை நிக்கும்னு சொல்ல முடியாது. வேற ஆளை ஏத்துங்க, நான் இறங்குறேன்."