சேம்பர் மேல் கட்டிய அறை

மகளின் தலைப்பிரசவத்துக்காகத்தான் பின்பக்கம் அந்த அறையைக் கட்டினேன். பசுமலையில் எங்கள் வீடு சின்னது. பிள்ளை பெற்றவள் மூன்று மாதம் படுத்து எழ, பாத்ரூம் சேர்த்த ஓர் அறை வேண்டும். இருந்த இடம் பின்வாசல் ஒன்றுதான். அதற்கு அடியில்தான் வீட்டுக் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. அடைத்தால் திறந்து குத்திவிடும் தொட்டி, சேம்பர் என்பார்கள், அதுவும் அங்கேதான் இருந்தது.

கொத்தனார் முதல் நாளே சொன்னார்.

"அண்ணே, சேம்பர் ரூமுக்குள்ள மாட்டுது. நாலு நாளு குடுங்க, வெளிய சந்துக்குத் தள்ளி விட்டுறேன். இல்லன்னா தரையிலயே ஒரு மூடி வச்சிருவோம், தெறந்து பாக்க."

"நாலு நாளா? வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சுய்யா. பச்சப்புள்ள படுக்குற எடத்துல சாக்கடை மூடியா வைப்பான்? வாரவுக காறித் துப்ப மாட்டாக?"

"மூடிய பாத்துத் துப்புனா தொடச்சுக்கலாம்ணே. அடச்சுக்கிட்டா என்ன செய்வீக? சரி, சுவத்துலருந்து எம்புட்டு தூரம்னு அளந்தாவது எழுதி வைங்க."

"என் வீட்டுல எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? பேசாம டைல்ஸ ஒட்டுய்யா."

ஒட்டினார். ஒட்டி மிஞ்சிய சிமெண்டுத் தண்ணீரைப் பாத்ரூம் ஓட்டையில் ஊற்றச் சொன்னதும் நான்தான். வளைகாப்புக்கு வந்த பெண்கள் தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள். நானும் பல்லை இளித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் காலையில் பாத்ரூம் ஓட்டை வழியாகக் கழிவு மேலே ஏறி, அறைக்குள் வந்து, கட்டில் கால்வரை நின்றது. என் மனைவி பேரனைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்தபடி மகள் பின்னால் நடந்து போனாள்.

குழாய் வேலைக்காரர் வந்ததும் கேட்டார், "சேம்பர் எங்கண்ணே?"

காலால் காட்டினேன். உடைத்தார், மண். கொஞ்சம் தள்ளிக் காட்டினேன். அங்கேயும் மண். மூன்றாவது இடம் காட்டியபோது அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். "ஒங்க வீடுதானண்ணே இது?"

அந்த நேரம் பார்த்துப் பேரனைப் பார்க்கச் சம்பந்தியம்மா வந்து சேர்ந்தார். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். சத்தம் எல்லாம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

"பச்ச ஒடம்புக்காரிண்ணே. இந்த நாத்தத்துலயும் தூசியிலயும் எப்பிடி வச்சிருக்கது? நான் கூட்டிட்டுப் போறேன். நீங்க நிதானமா சரி பண்ணுங்க."

மூன்று மாதம் இருக்க வேண்டியவள் ஒன்பதாம் நாளே கிளம்பினாள். தாய் வீட்டில் பெண்ணுக்குச் செய்ய வேண்டிய காரியம் அது ஒன்றுதான். அதையும் நான் கெடுத்தேன். என் மனைவி இடித்து வைத்திருந்த பிரசவ மருந்தை டப்பாவோடு காரில் ஏற்றினாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார் போன பிறகுதான் சேம்பர் அகப்பட்டது. நான் முதலில் காட்டிய இடத்திலிருந்து மூன்றடி தள்ளி, கட்டிலுக்கு அடியில். கம்பியை விட்டதும் கல்லாக இறுகிய சிமெண்டுக் கட்டி ஒன்று வந்தது. பத்து நிமிட வேலை. முதலிலேயே மூடி வைத்திருந்தால் சம்பந்தியம்மா வரும்போது தரையைக் கழுவி முடித்திருப்போம்.

சரிசெய்த பிறகு மகளைப் போனில் கூப்பிட்டேன். "பிள்ளைக்கு இங்க பழகிருச்சுப்பா" என்றாள்.

பழைய கொத்தனாரையே கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேம்பரை வெளியே சந்துக்கு மாற்றினேன். அவர் என்னை ஒரு வார்த்தைகூடக் குத்திப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

இப்போது மகள் இரண்டாவது முறை உண்டாகியிருக்கிறாள். போன வாரம் போனில் சொன்னாள், "ஒனக்கும் அம்மாவுக்கும் எதுக்குப்பா அலைச்சல். அத்தை இங்கயே பாத்துக்கிறேன்னு சொல்றாக."

"சேம்பர வெளிய மாத்தியாச்சும்மா" என்றேன்.

"அப்பிடியாப்பா, நல்லது" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.