பதிமூன்று ஜீப்புகளின் பிரேக் ரப்பர்

கம்பத்தில் ஒரு ஜீப் உதிரிபாகக் கடையில் பதினாறு வருடம் கவுண்டரில் நின்றவன் நான். செல்போன் எல்லார் கைக்கும் வந்திராத காலத்தில் ஒருநாள் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நாங்கள் விற்ற பிரேக் கிட்டில் ஒரு பேட்ச் சரியில்லை, சூடேறினால் உள்ளே இருக்கிற ரப்பர் உப்பி ஆயில் கசியும், பிரேக் பிடிக்காது, விற்றதையும் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள், பதிலுக்கு வேறு தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

முதலாளி இரண்டு தடவை வாசித்தார். "இருக்கிறத மட்டும் கட்டி அனுப்பிவிடுங்க. வித்தத எங்கன போயித் தேடுறது?" என்றார்.

வந்தது இருபது. அலமாரியில் ஏழு இருந்தது. மிச்சம் பதிமூன்றும் யார் வண்டியில் ஓடுகிறது என்பதற்குப் பில் கிடையாது. ஆனால் எனக்கு முகங்கள் தெரியும். "ஒரிஜினல் எதுக்குண்ணே, இதுவே நல்லாத்தான் இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தவனே நான்தான்.

பெரும்பாலும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதை ஏறுகிற ஜீப்புகள். சாயங்காலம் அதே வளைவுகளில் இறங்கும். இறக்கத்தில்தான் பிரேக் சூடேறும்.

மறுநாளிலிருந்து விடியுமுன்னே ஜீப் ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர்கள் காதில் வாங்கிக்கொண்டார்கள், வண்டியை நிறுத்தத்தான் ஆளில்லை. சக்கரத்தைக் கழற்றி டிரம்மைத் திறந்தால்தான் எந்த ரப்பர் என்று தெரியும். ஒருநாள் பிழைப்பு போய்விடும். "நீங்கதான குடுத்தீக, இப்ப நீங்களே பயங்காட்டுறீக" என்றார் ஒருவர். சொன்னதையே சொல்லிச் சொல்லி, நாலாம் நாள் எனக்கே அலுத்துப்போனது. இன்றோடு விட்டுவிடலாம் என்றுதான் அன்று போனேன்.

தூக்குவாளியோடு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா, தெனமும் வந்து என்னமோ சொல்லிட்டுப் போறியே, என்னா அது?"

சொன்னேன். அவர் டிரைவரிடம் திரும்பி, "இவரு சொல்றது நெசமா?" என்றார்.

"கடைக்காரவுக அப்பிடித்தான் சொல்லுவாக. புதுசு விக்கணும்ல."

"புதுசுக்குக் காசு வேணாம்மா" என்றேன் நான்.

அந்த அம்மா இறங்கினார். "எறங்குங்கடி எல்லாரும். கழட்டிப் பாக்கட்டும், பெறகு ஏறிக்கிருவோம்."

பதினாலு பெண்களும் ஒவ்வொருவராக இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். அன்றைய கூலி அவர்களுக்கும் போனது. யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

பட்டறையில் டிரம்மைத் திறந்தபோது பின்சக்கரத்தின் உள்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. டிரைவர் ரப்பரை விரலால் அமுக்கிப் பார்த்தார். கொழகொழவென்றிருந்தது. அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"நேத்தே பெடல் கொஞ்சம் கீழ போச்சுண்ணே. பிரேக் லைன்ல காத்து எடுத்தாச் சரியாப்போகும்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் அவரே பேசினார். அவருடையதோடு எட்டு ஜீப் பட்டறைக்கு வந்தது. எஸ்டேட் வண்டி ஒன்றைத் தேடி சின்னமனூர் வழியாக மேகமலைக்குப் போனேன். பஸ் குலுக்கிய குலுக்கலில் இரண்டு நாள் இடுப்பு நிமிரவில்லை. அந்த ரப்பர் கிடைத்தது. பத்தாவது ஜீப்பை ஆண்டிபட்டிப் பக்கம் யாருக்கோ விற்றுவிட்டார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் அவர் வேறு யாருக்கோ விற்றிருந்தார். மற்ற மூன்றுக்கும் தடமே தெரியவில்லை.

"போதும், விடுங்க. உங்களால ஆனதப் பாத்துட்டீக" என்றார் முதலாளி. விட்டுவிட்டேன். நிஜத்தைச் சொன்னால், அவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்று நான் காத்திருந்தேன்.

அந்த நாலு வண்டிக்கும் என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்ததாகப் பேப்பரில் வந்தால் அவசரமாக வண்டி நம்பரைத் தேடுவேன். அவற்றின் நம்பர் எனக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வரும்.