நீலச் சட்டையை நம்பினேன்

பிள்ளைகளே, நான் கும்மிடிப்பூண்டியில் வெல்டர். மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டணம் கட்டப் பணத்தோடு கிளம்பிய அன்று, புதுவாயல் டீக்கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். எங்கள் கம்பெனியின் அதே நீலச் சட்டை, சேப்டி ஷூ.

"நம்ம கம்பெனி ஆளுங்க பொண்ணுங்களுக்குப் பாதி பீஸுதாண்ணா. குடு, நான் கட்டிக்கினு வரேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

ஆள் திரும்பவே இல்லை. கம்பெனி கேட்டில் விசாரித்தேன். "இந்தச் சட்டய ரோட்டோரமே விக்கிறாங்கண்ணா" என்று செக்யூரிட்டி சிரித்தார்.

மகள் அழுதாள். "என் ஃபிரெண்டு ஊட்டுக்கு வந்தா பேரு, ஊரு, தெருன்னு குடைவியே நைனா, அந்தாளாண்ட இன்னா கேட்ட?"

"டீ சாப்புடுறியா" என்று மட்டும்தான் கேட்டிருந்தேன்.

இப்போது ஒருவரைப் பார்த்ததுமே நம்மாள் என்று தோன்றினால், அன்று பணத்தைத் தொடுவதில்லை; விசாரித்த பிறகுதான். நீங்களும் விசாரியுங்கள். மகள் துணிக்கடை வேலைக்குப் போகிறாள்.