அவருடைய உண்மையான வேகம்

என் கணவர் இறந்தபின் மூக்கண்டப்பள்ளி வீட்டில் நான் மட்டும்தான். ஞாயிறு ஆராதனையில் வாசிப்பதற்காக அவர் ஒத்திகை பார்த்த வேதபாடம் ஒன்று அவருடைய ரெக்கார்டரில் இருந்தது. அதை நானே ஏதோ ஓர் ஆப்பில் மாற்றி, போனில் ஏற்றிக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அதைத்தான் கேட்பேன். கனத்த, நிதானமான குரல். நடுவில் என்னிடம், "அந்தக் குக்கர அணைச்சுத் தொலையேன்" என்பார். அதுகூடக் கெஞ்சுவதுபோல இருக்கும். இவ்வளவு சாந்தமான மனிதரோடா தினமும் சண்டை போட்டேன் என்று அழுவேன்.

ஒருநாள் மாலை இட்லி மாவு கொண்டுவந்த பக்கத்துப் போர்ஷன் கன்னடப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். கல்யாண வீடியோக்களுக்கு ஒலி சேர்ப்பது அவள் வேலை.

"அக்கா, இது ஸ்லோவா ஓடுது. குக்கர் விசில் இப்படியா இழுக்கும்?"

பிறகு விளக்கினாள். ரெக்கார்டர் ஒலியை நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் துண்டுகளாகப் பதிந்திருக்கிறது. நான் மாற்றும்போது அதை நாற்பத்து நான்காயிரத்துச் சொச்சம் என்று தவறாகக் குறித்துவிட்டேன். போன் நொடிக்கு அத்தனை துண்டுகளை மட்டுமே ஓட்டியதால் குரல் இழுபட்டுக் கனத்திருக்கிறது.

ரெக்கார்டரை வாங்கி அவளே சரியாக மாற்றித் தந்தாள்.

விசில் வீறிட்டது. "அந்தக் குக்கர அணைச்சுத் தொலையேன்!"

அப்பப்பா, என்ன கோபம்! அவரேதான்.

"அணைக்கிறேன், கத்தாதீங்க!" என்று நானும் கத்தினேன். அடுப்படிப் பக்கம் திரும்பியபோது அங்கே அடுப்பே எரியவில்லை.

அத்தனை மாதமும் யாரோ ஒரு சாந்தமான மனிதருக்காக அழுதிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்காக அன்றைக்குத்தான் அழுதேன்.